பிக்கப்பில் பெற்றோல் மணம்: மூடியை மாற்றியும் போகவில்லை, இனி என்ன?

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீடு திருத்தும் வேலை செய்பவர். போன நவம்பரில், தெரிந்தவர் ஒருவர் காட்டிவிட்ட ஆளிடம் 2006 ஆம் ஆண்டு செவ்ரோலே சில்வராடோ 1500 பிக்கப் ஒன்றை, 5.3 லீற்றர் வி8 எஞ்சின், சேஃப்டி (பாதுகாப்புப் பரிசோதனை) சான்றிதழோடு வாங்கியிருக்கிறார். ஜனவரியிலிருந்து பெற்றோல் மணம். தாங்கி நிறைய அடித்த அன்றும் மறுநாளும் கடுமையாக இருக்கிறதாம், அரைத் தாங்கிக்குக் கீழே போனால் குறைந்துவிடுகிறதாம். காலையில் வீட்டுக் கராஜைத் திறந்தால் மூக்கில் அடிக்கிறது, சிவப்பு லைற்றில் நிற்கும்போது ஹீற்றர் வழியாக உள்ளேயும் வருகிறது. செக் எஞ்சின் லைற் வந்து பி0455 என்ற பழுதுக் குறியீட்டை (கோடு) காட்டியது. கூட்டாளி சொன்னபடி பெற்றோல் மூடியை மாற்றி அந்தக் குறியீட்டை அழித்தார், இரண்டு கிழமையில் திரும்பவும் வந்துவிட்டது. பெற்றோல் விடும் கழுத்தைச் சுற்றி யாரோ கறுப்பாக ஏதோ பூசியிருப்பதையும் பிறகுதான் கண்டிருக்கிறார்.

ஒரு திருத்துமிடத்தில் "தாங்கி கறள் பிடித்துவிட்டது" என்று தாங்கி, பம்ப், குழாய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,800 டொலர் கேட்டிருக்கிறார்கள். மாமனாரோ, றபர் ஹோஸ் வெட்டிப் போட்டால் முடிந்தது என்கிறார். மனைவி மகளை அந்த வாகனத்தில் ஏற்றவே விடமாட்டேன் என்று நிற்கிறார். வாசகரின் கேள்விகள்: "காபன் மொனொக்சைட் அலாரம் ஒருநாளும் அடிக்கவில்லை, நிலத்திலும் ஒரு சொட்டு இல்லை, அப்படியென்றால் ஆபத்தில்லைத்தானே அண்ணை? நானே திருத்தலாமா? சேஃப்டி பாஸ் பண்ணின வாகனம்தானே, விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேட்கலாமா?"

தம்பி, முதலில் ஒன்று. இந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. திருத்தி முடியும்வரை மகளை அதில் ஏற்ற வேண்டாம். பெற்றோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். ஒருநாள் மணந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒவ்வொரு நாளும் பூட்டிய கபினுக்குள் ஹீற்றர் போட்டுக்கொண்டு அதைச் சுவாசிப்பது வேறு கதை. தீ அபாயம் அதற்கும் மேலே.

அலாரம் அடிக்கவில்லை என்பதை நம்பி இருக்காதீர்கள். காபன் மொனொக்சைட் அலாரத்துக்குப் பெற்றோல் ஆவி தெரியாது, அது தேடுவது எரிந்த பிறகு வரும் வாயுவை. உங்கள் கராஜில் பெற்றோல் ஆவி நிறைந்து நின்றாலும் அது பேசாமல்தான் இருக்கும். இந்த வேலைக்கு உங்களிடம் உள்ள ஒரே கருவி மூக்கு, அதுவும் கொஞ்ச நேரத்தில் பழகி மரத்துவிடும். ஆகவே "இன்றைக்கு மணம் குறைவு" என்று வாகனத்துக்குள் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுச் சொல்வதில் அர்த்தமில்லை.

நிலத்தில் சொட்டு இல்லை என்பதும் அப்படித்தான். கசிவு சிறிது என்றால் நிலத்துக்கு வரமுதலே காய்ந்துவிடும். அதோடு, உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் இது கீழே சொட்டும் கசிவாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்றிரவே செய்ய வேண்டியது

வாகனத்தை வீட்டுக் கராஜுக்குள் விடுவதை நிறுத்துங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது, மேலே போகாது, நிலத்தோடு ஊர்ந்து கதவிடுக்கால் வீட்டுக்குள் போகும், பேஸ்மென்றுக்கு இறங்கும். அங்கே உங்கள் சுடுதண்ணீர்த் தாங்கியும் ஃபேர்னஸும் இருக்கின்றன. "குளிர்தானே, பற்றாது" என்று நினைப்பவர்கள் பலர். பெற்றோல் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாவதற்கு மறை 43 பாகை செல்சியஸே போதும், ரொறன்ரோக் குளிர் அதற்கு ஒரு குளிரே அல்ல. போதாததற்கு, குளிர்காலத்தில் எஞ்சின் சுகமாக எடுபடட்டும் என்று இங்கே விற்கிற பெற்றோலையே இலகுவில் ஆவியாகும்படி கலக்கிறார்கள். மார்ச் மாதத்தில் திடீரென ஒரு சூடான நாள் வந்து, தாங்கியில் அந்தக் குளிர்காலப் பெற்றோல் நிறைய இருந்தால், அன்றைக்கு மணம் இன்னும் கூடும்.

அரைத் தாங்கிக்கு மேல் அடிக்காதீர்கள். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், பம்ப் "டிக்" என்று நின்ற பிறகும் விலை முழு டொலராக வரும்வரை அமுக்கி அமுக்கி அடிப்பேன் என்று. அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பம்ப் தானாக நின்ற பிறகு போகிற பெற்றோல், ஆவியை மட்டும் பிடிக்கவென்று வைத்த கரிப் பெட்டிக்குள் திரவமாகப் போய்ச் சேரலாம். கரி நனைந்தால் அந்தப் பெட்டி பழுது, அதன் விலை நீங்கள் முழு எண்ணாக்கிய சில்லறையைவிட எத்தனையோ மடங்கு.

இன்னொன்று, பனி தள்ளும் இயந்திரத்துக்கென்று சீற்றுக்குப் பின்னால் ஒரு பெற்றோல் கான் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு இரண்டு நாள் ஓடிப் பாருங்கள். கபினுக்குள் வரும் மணத்தில் ஒரு பங்கு அந்தக் கானுடையதாகவும் இருக்கலாம். பிக்கப்பின் பின்பெட்டிக்குள் வைத்தபடியே கானுக்குப் பெற்றோல் அடிப்பதும் கூடாது, பெட்டியில் பிளாஸ்ரிக் விரிப்பு இருந்தால் நிலைமின்னேற்றம் போக வழியில்லாமல் பொறி தட்டும். கானை இறக்கி நிலத்தில் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

எப்போது மணக்கிறது, அதில்தான் விடை

மணம் எங்கிருந்து என்று தேடி வாகனத்துக்குக் கீழே படுக்க முதல், எப்போது மணக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த வேலையை நீங்கள் தெரியாமலே செய்துவிட்டீர்கள். நிறைய அடித்தால் மணக்கிறது, குறைந்தால் போகிறது. தாங்கிக்குள் உள்ள பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் ஒழுகினால் தாங்கி நிறைந்திருக்கிறதா காலியா என்பதைப் பார்க்காது, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ஒழுகும், ஏனென்றால் அந்தக் குழாயில் 55 முதல் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) வரை அழுத்தம் நிற்கிறது. உங்களுடையது தாங்கியின் மேல்பக்கக் கசிவு. பெற்றோல் மட்டம் அங்கே எட்டும்போது மட்டும் நனைகிறது, வளைவுகளில் தளும்பி வெளியே வருகிறது.

பி0455 என்ற கோடும் அதையேதான் சொல்கிறது. அது ஆவிப் பக்கத்தில், அதாவது தாங்கியில் எழும் ஆவியை வெளியே விடாமல் பிடிக்கும் பகுதியில், பெரிய கசிவு என்பதற்கான கோடு. மூடி சரியாகப் பூட்டாவிட்டாலும் அதே கோடுதான் வரும் என்பதால் முதலில் மூடியை மாற்றியதில் பிழையில்லை, மலிவான முயற்சி. ஆனால் கோடை அழித்ததும் லைற் இரண்டு கிழமை வராமல் இருந்ததை வைத்து "கொஞ்சம் சரியாகி மறுபடி கெட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியில்லை. கசிவு இருக்கிறதா என்ற சோதனையை வாகனத்தின் கணினி எல்லா நேரமும் செய்வதில்லை. தாங்கியில் ஏறக்குறைய 15 வீதத்துக்கும் 85 வீதத்துக்கும் இடையில் பெற்றோல் இருக்க வேண்டும், எஞ்சின் ஆறிக் கிடந்து எடுபட வேண்டும், வெளியே கடும் குளிரும் இருக்கக்கூடாது. ஜனவரியில் அதெல்லாம் ஒத்துவரும் நாள் அபூர்வம். கசிவு முழு நேரமும் இருந்தது, கணினிதான் பார்க்கவில்லை.

சந்தேகத்துக்குரிய இடங்களை என் வரிசையில் சொல்கிறேன். முதலாவது கழுத்தும், கழுத்திலிருந்து தாங்கிக்குப் போகும் றபர் ஹோஸும், அதற்குப் பக்கத்தில் போகும் ஒடுங்கிய காற்றுக் குழாயும். அந்தக் கறுப்புப் பூச்சைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால்கூட நான் அங்கேதான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் சில்லு எறியும் உப்புச் சேறு அந்த இடத்தில்தான் தேங்கும். இரண்டாவது, தாங்கியின் மேலே பம்பை அமர்த்திப் பூட்டியிருக்கும் இரும்பு வளையமும் அதற்குக் கீழே உள்ள றபர் வளையமும். இரும்பு கறள் பிடித்து ஊதினால் றபர் சரியாக அமுங்காது. மூன்றாவது கரிப் பெட்டியும் அதன் வால்வும். பெற்றோல் அடிக்கும்போது பம்ப் அடிக்கடி தானாக நின்றாலோ, அடித்த உடனே எஞ்சின் எடுபடக் கஷ்டப்பட்டாலோ அங்கே போகலாம். அந்த இரண்டும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பகல் வெளிச்சத்தில், எஞ்சின் ஆறிய பிறகு, ரைவர் பக்கம் பின்பெட்டிக்குக் கீழே ஒரு எல்.ஈ.டி. ரோச்சோடு குனிந்து பாருங்கள். கண்ணாடிக் குமிழ் போட்ட வேலை விளக்கு வேண்டாம், அது உடைந்தால் போதும், பற்றிக்கொள்ளும். உப்பும் மண்ணும் படிந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். அதற்குள் ஓரிடம் மட்டும் கழுவி விட்டதுபோலக் கறுத்து, ஓரம் தெளிவாகத் தெரியும். பெற்றோல் அழுக்கைக் கரைத்துக்கொண்டு இறங்கிய தடம் அது. அந்தத் தடத்தின் மேல்நுனியில்தான் கசிவு, கீழ்நுனியில் அல்ல. மேலே போய்த் தேடாமல் நனைந்த இடத்திலுள்ள பாகத்தை மாற்றிவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

சிவப்பு லைற்றில் உள்ளே வரும் மணத்தைப் பற்றி: ஹீற்றர் காற்றை முன்கண்ணாடியின் அடியிலிருந்து, பொனற்றின் பின்விளிம்போடு, இழுக்கிறது. நிற்கும்போது பின்னால் உள்ள ஆவி வந்து சேரவும் இடமுண்டு, எஞ்சினிலேயே ஏதோ கசியவும் இடமுண்டு. பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் இருக்கும் குழாயைச் சுற்றி ஈரமோ கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் கண்டால் எஞ்சினை ஸ்ராட் பண்ணவே வேண்டாம், தூக்கிக்கொண்டு போகும் ட்ரக்கைக் கூப்பிடுங்கள். எண்ணெய் அளக்கும் கம்பியையும் ஒருமுறை மணந்து பாருங்கள், அதில் பெற்றோல் கடுமையாக மணந்தால் அது இன்ஜெக்டர் சங்கதி, வேறு வைத்தியம்.

பிறகு திருத்துமிடத்தில் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இதைத்தான் மூடி மாற்றிய அன்றே செய்திருக்க வேண்டும். ஆவிக் குழாய்க்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகை விடுவார்கள், ஓட்டை எங்கேயோ அங்கேயிருந்து புகை கிளம்பும், நீங்களே பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்கலாம். 2,800 டொலருக்கு முன்னால் அதற்கான கூலி ஒன்றுமே இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம்: புகைச் சோதனை ஆவிப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். எஞ்சினுக்குப் போகும் அழுத்தக் குழாயைத் தனியாக அழுத்தமானி போட்டு, தொடக்கம் முதல் முடிவுவரை கண்ணாலும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மாமனாரின் றபர் ஹோஸ்

மாமனார் ஊரில் கார்பரேற்றர் வாகனங்களோடு வேலை செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து வாகனத்தில் பெற்றோல் குழாயில் அழுத்தம் ஒரு சில பி.எஸ்.ஐ. தான், கையால் இறுக்கிய ஹோஸே நிற்கும். இதில் நிற்காது. கறள் பிடித்த இரும்புக் குழாயை வெட்டி, சாதாரண ஹோஸை மாட்டி, கிளிப் போட்டால் ஒருநாள் ஹைவேயில் கழன்றுவிடும், கழன்றால் சொட்டாது, பீச்சும், பக்கத்தில் சூடான புகைக்குழாய் இருக்கிறது. இன்ஜெக்ஷன் வாகனத்துக்கென்று ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் தனியாக உண்டு, அதையும் சரியாக முனை மடித்த குழாயில்தான் மாட்டலாம். நீண்ட தூரம் கறள் என்றால் முழுக் குழாயையும் மாற்றுவதுதான் வழி, உங்கள் மொடலுக்கு வளைத்து முனை பூட்டிய ஸ்ரெயின்லெஸ் குழாய்கள் ஆயத்தமாகவே விற்பனைக்கு உண்டு. சிலிக்கன் பூசுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெற்றோலில் சிலிக்கன் ஊறி உரிந்து வரும், உங்கள் கழுத்தில் பூசியவர் செய்த வேலை எப்படி முடிந்தது என்று உங்கள் மூக்கே சொல்கிறதே.

நீங்களே திருத்தலாமா? கழுத்தும் ஹோஸும் மட்டும் என்றால், கைப்பழக்கம் உள்ளவர் நீங்கள், வெளியே வைத்து, பெற்றோலைக் கால்வாசிக்குக் குறைத்து, பற்றரியின் மறைமுனையைக் கழற்றிவிட்டு, தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். பம்பின் வளையம் என்றால் வேண்டாம். தாங்கி ஏறக்குறைய 98 லீற்றர் கொள்ளும், நிறைந்தால் பெற்றோல் மட்டுமே 70 கிலோவுக்கு மேல், அதை முதுகுக்கு மேலே ஜாக்கில் வைத்து இறக்குவது ஒருவர் செய்கிற வேலையல்ல. பின்பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியைத் தூக்கினால் பம்ப் மேலே தெரியும், திருத்துமிடங்கள் பலவும் இப்போது அப்படித்தான் செய்கின்றன, கறள் போல்ட் உடையாமல் வந்தால் வேலையும் கூலியும் குறைவு.

2,800 டொலரும் அதற்கு முன் பார்க்க வேண்டியதும்

"தாங்கி கறள் பிடித்துவிட்டது" என்று சொன்னவர் கீழே பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். உங்கள் வாகனத்தின் தாங்கி பிளாஸ்ரிக். கறள் பிடிப்பது கழுத்து, வளையம், தாங்கியைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டிகள், குழாய்கள். எதற்காகத் தாங்கியை மாற்றச் சொன்னார் என்று எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

இதைவிட எனக்குக் கவலை பிறேக் குழாய். பெற்றோல் குழாய் போகும் அதே இரும்பு அடிச்சட்டத்தோடுதான் அதுவும் போகிறது, அதுவும் இரும்பு, அதே உப்பு. 1999 முதல் 2003 வரையான இதே வரிசை ட்ரக்குகளில் பிறேக் குழாய்கள் கறள் பிடித்து வெடிப்பதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் நீண்டகாலம் விசாரித்து, 2015 இல், வாகனங்களைத் திருப்பியழைத்துத் திருத்தும்படி நிறுவனத்துக்குச் சொல்லாமலே, விசாரணையை முடித்தார்கள். உப்பு ஊற்றும் மாநிலங்களில் உள்ள பழைய வாகனங்களுக்கு இது பொதுவான பிரச்சினை, சொந்தக்காரர்கள் குழாய்களைப் பார்த்து, அடிப்பாகத்தைக் கழுவி வைத்திருக்க வேண்டும் என்றார்கள். உங்களுடையது அந்த வரிசையின் கடைசிக் காலத்து வாகனம், ஒன்ராறியோவில் ஓடியது. வாகனம் மேலே ஏறியிருக்கும்போதே பிறேக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே அடிச்சட்டத்தைச் சுத்தியலால் பின்சில்லுப் பக்கம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் காசைப் போடலாம். மந்தமாகக் கேட்டு, செதில் செதிலாக உதிர்ந்தால், பெற்றோல் குழாய்க்கு ஒரு சதம்கூடச் செலவழிக்க வேண்டாம், அந்தப் பிக்கப் முடிந்தது.

விற்றவரிடம் கேட்பது பற்றி. நான் மெக்கானிக், வழக்கறிஞன் இல்லை, ஆனால் இது என் வேலையில் அடிக்கடி வரும் கேள்வி. சேஃப்டி சான்றிதழ் என்பது உத்தரவாதப் பத்திரம் அல்ல. பரிசோதித்த நாளில் வாகனம் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது, பெயர் மாற்றுவதற்கு 36 நாளுக்குச் செல்லுபடியாகும், அவ்வளவுதான். தனியாரிடம் வாங்கியது என்பதால் வாகன விற்பனையாளர்களை மேற்பார்க்கும் ஓம்விக்கும் இதில் தலையிடாது. ஆனால் அந்தக் கறுப்புப் பூச்சு இருக்கிறதே, அது பழசாகவும் உப்பு படிந்தும் இருந்தால், வாங்க முதலே யாருக்கோ கசிவு தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கழற்ற முதல், கழுவ முதல், நல்ல வெளிச்சத்தில் திகதியோடு படம் எடுங்கள். பழைய கழுத்தை எறியாமல் வைத்திருங்கள். பரிசோதனை நாளிலேயே கசிவு இருந்திருக்கும் என்று மெக்கானிக் எழுதித் தந்தால், பரிசோதித்த இடத்தின்மேல் மாகாணப் போக்குவரத்து அமைச்சிடம் முறையிடலாம். விற்றவரிடம் காசு கேட்பது சிறு உரிமைகள் நீதிமன்றச் சங்கதி, அதற்கு ஒரு பரலீகலிடம் (உரிமம் பெற்ற சட்ட உதவியாளரிடம்) முதலில் கேளுங்கள். நவம்பரில் வாங்கி ஜனவரியில் மணம் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருப்பதால், நிரூபிப்பது இலகு என்று சொல்லமாட்டேன்.

திருத்தக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு வாங்கலாம், கடைசிப் பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கலாம், பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. ஆனால் இந்தச் சட்டம் சொந்தப் பாவனைக்கு மட்டும். வேலைக்கென்று ஓடும் வாகனம் என்று கம்பனிப் பெயரில் பில் போட்டால் இந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகலாம். ஆகவே இந்த நான்கையும் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், நேர்மையான இடம் மறுக்காது.

சரி, வரிசை இதுதான்: கராஜை விட்டு வெளியே, கான் வெளியே, சனிக்கிழமை ரோச்சோடு படம், அடுத்த கிழமை புகைச் சோதனை, அப்போதே சுத்தியலும் பிறேக் குழாயும். திருத்துமிடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், பொனற்றுக்குக் கீழே ஈரம் இல்லை, தாங்கி அரைக்குக் கீழே என்றால் மட்டும், கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, நீங்கள் தனியாக. புகை எங்கிருந்து கிளம்பியது என்று எனக்கு எழுதுங்கள். கழுத்தும் ஹோஸும் மட்டும் என்றால் அந்த வேலைக்கு என்ன கூலி நியாயம், எந்த ஹோஸ் வாங்குவது என்பதை அப்போது பார்ப்போம்.